பிரேக் போட்டால் ரிவர்ஸில் போகும் கார்

வீட்டுப்பாடத்தில் கடைசிக் கணக்கு. மணிக்கு 72 கிலோமீட்டரில் போகிற கார் பிரேக் போடுகிறது, எதிர் முடுக்கம் 4 மீட்டர்/வினாடி² (அதாவது ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு 4 மீட்டர் குறைகிறது), பிரேக் போட்டதிலிருந்து 8 வினாடிக்குள் எவ்வளவு தூரம் போகும்? ரெண்டு நிமிஷ வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன், ஒரு மணி நேரம் போய்விட்டது.

முதலில் 72-ஐ அப்படியே சூத்திரத்தில் போட்டேன். 448 மீட்டர் வந்தது. பிரேக் பிடித்த கார் அரை கிலோமீட்டர் ஓடுமா என்று அப்புறம்தான் உறைத்தது. 5/18-ஆல் பெருக்கி வினாடிக்கு 20 மீட்டர் ஆக்கினேன். சரி, மறுபடியும் அதே தூரச் சூத்திரம், யூடி பிளஸ் அரை ஏடி ஸ்கொயர் (யூ தொடக்க வேகம், டி நேரம், ஏ முடுக்கம், பிரேக் என்பதால் மைனஸ் 4): 160-இல் 128 போக 32. புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை 50 என்று இருந்தது.

அச்சுப்பிழை என்று முடிவுகட்டி (எனக்கு விடை வராத கணக்கெல்லாம் அச்சுப்பிழைதான்) மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் அதே 32. சும்மா இருக்கட்டுமே என்று 8-வது வினாடியில் திசைவேகம் எவ்வளவு என்று பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: 20-இல் 32 போக மைனஸ் 12. அதாவது என் கார் மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது!

20-ஐ 4-ஆல் வகுத்தால் 5. ஐந்தாவது வினாடியிலேயே கார் நின்றாயிற்று, அதற்குள் போன தூரம் 50 மீட்டர். சூத்திரத்துக்கு இது தெரியாது, நின்ற பிறகும் அதே முடுக்கம் இருப்பதாக எடுத்துக்கொண்டு மிச்சமிருந்த 3 வினாடியில் காரை 18 மீட்டர் பின்னால் இழுத்துவிட்டது, 50-இல் 18 போனால் என்னுடைய அந்த 32. மேலே எறிந்த பந்து என்றால் இது சரிதான், உச்சிக்குப் போனபிறகும் புவியீர்ப்பு விடாமல் கீழே இழுக்கிறது. பிரேக் அப்படி இல்லை, சக்கரம் ஓடுகிறவரைதான் அதற்கு வேலை.

சந்தேகம் தீரத் திசைவேகம்–நேரம் வரைபடமும் போட்டேன். 20-இல் தொடங்கி 5-இல் தரையைத் தொடும் கோடு, முக்கோணத்தின் பரப்பு 50. திரும்பத் திரும்ப அழித்ததில் 32 இருந்த இடத்தில் தாள் கிழிந்தே போயிருந்தது, பக்கத்தில் நெருக்கி 50 என்று எழுதிவிட்டு நோட்டை மூடினேன்.