ஒரு துறைமுகத்துக்கு ஒரே ஓர் இடம்: மத்தியதரைக் கடலில் ஒரு சுற்று

கப்பல் கம்பெனி விளம்பரத்தில் ‘ரோம்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். ரோமுக்குள் கப்பல் எங்கே வரும்? அது நிற்பது சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். ‘ஃப்ளாரன்ஸ்’ என்று போட்டிருந்தால் லா ஸ்பெசியாவில் இறக்கிவிடுவார்கள். ஃப்ளாரன்ஸ் அதைவிடத் தூரம். காலையில் கரைக்கு வரும் கப்பல் மாலையில் கிளம்பிவிடும். ரயில், வரிசை, சாப்பாடு எல்லாம் கழித்தால் ஊரைப் பார்க்க நாலைந்து மணி நேரம் மிஞ்சும். மத்தியதரைக் கடல் பக்கம் க்ரூஸ் போகிறவர்கள் பால்கனி கேபினா, உள் கேபினா என்று மண்டையை உடைப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

எங்கள் வழித்தடம் பார்சிலோனாவில் ஏறி, பால்மா, மார்சேய், லா ஸ்பெசியா, சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ் சுற்றிவிட்டு மறுபடி பார்சிலோனா. ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி மூன்றும் ஷெங்கன் நாடுகள் என்பதால் ஒரே விசா போதும். அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். எழுபதைத் தாண்டிய அத்தை (என் மாமியார்), கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், பன்னிரண்டு வயது மகன், நான். ஆளுக்கொரு வேகம், ஆளுக்கொரு ஆசை. அதனால் ஒரு துறைமுகத்துக்கு ஒரே ஓர் இடம் என்று கோவையில் இருக்கும்போதே பேசி முடித்துவிட்டோம்.

கப்பல் ஏறுவதற்குச் சில நாள் முன்பே பார்சிலோனா போய்விட்டோம். அங்கே சக்ராதா ஃபமிலியாவைப் பார்க்காமல் வரக்கூடாது. 1882-ல் தொடங்கிய தேவாலயம். மறு ஆண்டே பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் கௌடி, 1926-ல் டிராம் மோதி இறக்கும்வரை இதைக் கட்டிக்கொண்டிருந்தார். நடு கோபுரத்துக்கு அவர் வைத்த உயரம் 172.5 மீட்டர். பக்கத்து மோன்ட்ஜுயிக் குன்று கடவுள் படைத்தது, மனிதன் கட்டுவது அதைத் தாண்டக்கூடாது என்று கொஞ்சம் குறைத்தே வைத்தாராம். நன்கொடையிலும் நாம் வாங்கும் டிக்கெட் காசிலும்தான் வேலை நடக்கிறது. டிக்கெட்டை நேரம் குறித்து ஆன்லைனில் முன்பே வாங்கிவிடுங்கள். எந்த நேரம் என்று கேட்டால், மாலை என்பேன். கிழக்குச் சன்னல்களில் நீலமும் பச்சையும், மேற்கில் சிவப்பும் ஆரஞ்சும். மேற்கு வெயில் இறங்க இறங்க, மேலே போய்க் கிளை பிரியும் தூண்களெல்லாம் நிறம் மாறுகின்றன. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தையின் சந்தன நிறப் புடவை முதலில் மஞ்சளானது, பிறகு நல்ல ஆரஞ்சு. அவர் முந்தானையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பலில் ஏறியதும் முதல் வேலை பாதுகாப்புப் பயிற்சி. அலாரம் அடித்தால் எங்கே கூடுவது, லைஃப் ஜாக்கெட்டை எப்படிப் போடுவது என்று காட்டுவார்கள். 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் ஜிக்லியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று சிவிட்டாவெக்கியாவில் ஏறிய பயணிகளுக்கு இன்னும் பயிற்சியே நடக்கவில்லை. அதற்குப் பிறகுதான், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ இதை முடிக்க வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். சலித்துக்கொள்ளாமல் போய் வாருங்கள்.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். எங்கள் மேசைக்குப் பரிமாற வாய்த்தவர் ஒரு கோவாக்காரர். சைவம் என்று முதல் இரவே சொல்லிவைத்ததால் தினமும் பருப்பும் ஒரு காய்கறியும் தனியாக வந்துவிட்டன. அத்தை பையில் வைத்திருந்த பருப்புப்பொடி அப்படியே ஊர் திரும்பியது.

பால்மாவில் கடலோரத்து லா செயு பேராலயம். அங்கேயும் கௌடி பத்தாண்டு வேலை பார்த்திருக்கிறார். மார்சேயில் மலைமேல் இருக்கும் நோத்ர்தாம் த லா கார்த் தேவாலயம்; உயிர் தப்பிய மாலுமிகள் காணிக்கையாகக் கொடுத்த குட்டிக் கப்பல்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன. லா ஸ்பெசியாவிலிருந்து ரயிலில் பைசா. கோபுரத்தைக் கையால் தாங்குகிற போட்டோவை எல்லோரையும் போல என் மகனும் எடுத்துக்கொண்டான். 1990-ல் மூடி, வடக்குப் பக்க மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவியெடுத்துச் சாய்வைக் குறைத்து, 2001-ல் திறந்திருக்கிறார்கள். அந்தக் கதை எனக்கு போட்டோவைவிடப் பிடித்திருந்தது.

ரோமில் நாங்கள் எடுத்த ஓர் இடம் பாந்தியன். “ரோம் வரைக்கும் போயிட்டு கொலோசியத்துக்குள்ள போகலையா?” என்று ஊரில் கேட்காத ஆளில்லை. டாக்சியிலிருந்து பார்த்தோம், போதும். பாந்தியன் ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்துக் கட்டடம், வயது ஏறக்குறைய 1900. மேலே ஒரே கவிகை (குவிமாடம்). அதன் விட்டம் 43 மீட்டர் சொச்சம், தரையிலிருந்து உச்சிக்கு உள்ள உயரமும் அதே. இரும்புக் கம்பி போடாத கான்கிரீட் கவிகைகளில் இன்றும் உலகத்திலேயே பெரியது இதுதான். என் கணவர் சிவில் இன்ஜினியர், கேட்க வேண்டுமா? கீழே கனமான கல், மேலே போகப் போக எடை குறைந்த கல், உச்சியில் எரிமலை நுரைக்கல் என்று கலவையை மாற்றிக்கொண்டே போயிருப்பதை எங்களுக்கு வகுப்பு எடுத்தார். நட்ட நடு உச்சியில் வட்டமாகத் திறந்த வெளி. மழை பெய்தால் உள்ளேதான் விழும். தரையில் அதற்கென்று துளைகள் போட்டிருக்கிறார்கள். “நம்ம பழைய வீட்டு முற்றமேதான்” என்று அத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ரோமில் தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். தெருவுக்குத் தெரு மூக்கு வளைந்த இரும்புக் குழாய்களில் குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் எழும்பி வரும், குனியாமல் குடிக்கலாம். மகன் தாகமில்லாமலே நாலு குழாயில் குடித்தான்.

நேப்பிள்ஸில் மட்டும் இரண்டாகப் பிரிந்தோம். அப்பாவும் மகனும் உள்ளூர் ரயிலில் பழைய ரோமானிய ஊரான பொம்பெய்க்கு. நான், அத்தை, மகள் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு. பொம்பெய் தெருவெல்லாம் மேடும் பள்ளமுமான கல், அத்தை முழங்காலுக்கு ஒத்துவராது. எங்களுக்கோ வேறொரு ஆளைப் பார்க்க வேண்டியிருந்தது. 1938-ல் பொம்பெய் வீடு ஒன்றில் கிடைத்த தந்தச் சிலை. ‘பொம்பெய் லட்சுமி’ என்றே பெயராகிவிட்டது. யட்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. ஒரு அடிகூட உயரம் இல்லை. கை நிறைய வளையல், காலில் கனத்த தண்டை, இடுப்பில் மேகலை, இரண்டு பக்கமும் சின்னதாகத் தோழிகள். தலையில் துளை இருப்பதால் கண்ணாடிப் பிடியாகவோ மேசைக் காலாகவோ இருந்திருக்கலாம் என்கிறார்கள். வெசுவியஸ் எரிமலை கி.பி. 79-ல் ஊரை மூடுவதற்கு முன்பே இந்தியாவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தவள்.

சங்கடம் என்னவென்றால், அவள் இருப்பது ‘ரகசிய அறை’யில். பொம்பெய் பக்கம் கிடைத்த சிற்றின்பப் படங்கள், சிலைகள், விளக்குகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்த அறை. நெடுங்காலம் பூட்டியே கிடந்து, 2000-ல்தான் எல்லோருக்கும் திறந்தார்கள். மாமியாரோடு அதற்குள் போவது எப்படி என்று நான் தயங்க, அவர் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஏங் கண்ணு, இவளைக் கொண்டாந்து இதுங்க நடுவுலயா வைக்கணும்?” என்றார். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள்.

இந்தியச் சரக்குகளுக்காக ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு ரோமைவிட்டுப் போகிறது என்று அந்தக் காலத்து ரோமானிய எழுத்தாளர் மூத்த ப்ளினி எழுதிவைத்துப் புலம்பினார். அவர் இறந்ததும் இதே வெசுவியஸ் வெடிப்பில்தான். அவர் கணக்குப் பார்த்த காசில் கொஞ்சம் எங்கள் ஊருக்கும் வந்திருக்கிறது. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்தன. அத்தை பிறந்த ஊர் அதுதான். அதைச் சொன்னதும் திரும்பிப் போய் இன்னொரு தரம் சிலையைப் பார்த்துவிட்டு வந்தார்.

கப்பலே நடத்தும் சுற்றுலாவில் போனால், நேரமாகிவிட்டாலும் காத்திருப்பார்கள். நாமாகப் போனால் காத்திருக்கமாட்டார்கள். மற்ற ஊர்களில் நாங்களாகத்தான் போனோம், சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே திரும்பினோம். ரோமுக்கு மட்டும் கப்பல் பஸ். விலை கூடுதல்தான், ஆனால் ரயில் ஸ்ட்ரைக் பற்றிய கவலை இல்லை.

கடைசி இரவு பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும், மறுநாள் துறைமுகக் கூடத்தில் எடுத்துக்கொள்ளலாம். மாத்திரை, பாஸ்போர்ட், மாற்றுத் துணி கைப்பையில் இருக்கட்டும். பில்லில் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று டிப்ஸ் தானாகவே ஏறியிருக்கும். அதையும் டிக்கெட் விலையோடு முதலிலேயே கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், வீடியோ கேம் இருக்கும் தளம் ஒன்று உண்டு, அங்கே பிள்ளைகளின் கேபின் கார்டைத் தேய்த்தாலே காசு போகும். கவுன்ட்டரில் சொன்னால் கார்டுக்கு வரம்பு போட்டுத் தருவார்கள். ஏறிய அன்றே போய்ப் போட்டுவிடுங்கள்.