ஒரு மண்டையோட்டை வரைந்த காலைப்பொழுது

மடகாஸ்கருக்குப் போகிறேன் என்றதும் நண்பர்களில் பாதிப்பேர் லெமூரியாவைப் பற்றித்தான் கேட்டார்கள். குமரிக்கண்டத்துக்கு நாம் சூட்டிக்கொண்ட அந்தப் பெயர், மடகாஸ்கரில் வாழும், குரங்குகளுக்கு உறவான லெமூர்களுக்கும் இந்தியாவில் வாழும் அவற்றின் உறவினங்களுக்கும் நடுவே இத்தனை பெரிய கடல் எப்படி வந்தது என்பதற்கு விளக்கம் தேடிய பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலாளர், 1864-இல் தாம் ஊகித்த ஒரு நிலப்பரப்புக்கு வைத்த பெயர். கண்டங்கள் நகர்கின்றன என்பது நிறுவப்பட்ட பிறகு அறிவியல் அந்த நிலத்தைக் கைவிட்டது, நாம் விடவில்லை. நான் தேடிப்போனது மூழ்கிய நிலத்தை அல்ல. அதற்குப் பெயர் தந்த விலங்குக் குடும்பத்தில் மெய்யாகவே மறைந்துபோனவற்றை.

லெமூர் என்ற சொல்லே இறந்தோரின் ஆவிகளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. 1754-இல் லின்னேயஸ் இப்பெயரை முதலில் வைத்தது மடகாஸ்கர் விலங்குக்குக்கூட அல்ல. இரவில் மெல்ல நடமாடும் இலங்கைத் தேவாங்குக்கு. நம் வீட்டு விலங்கின் பெயர் கடல் கடந்து போய் நிலைத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்குச் சற்று ஆசைதான்.

தலைநகர் அண்டனானரிவோவில் சிம்பசாசா பூங்காவுக்குள் இருக்கும் பழைய அருங்காட்சியகத்துக்கு ஒரு காலையில் போய்ச் சேர்ந்தேன். உள்ளே நுழைபவர் எல்லோரும் யானைப்பறவையின் எலும்புக்கூட்டைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதன் உயரம் அப்படி. நான் அழிந்துபோன பெரிய லெமூர்களில் ஒன்றான மெகலடாபிஸின் மண்டையோட்டின் முன் நின்று வரைபுத்தகத்தைத் திறந்தேன். எனக்கு ஓவியப் பயிற்சி கிடையாது. ஆனாலும், ஒன்றை வரைய முயன்றால்தான் அதைப் பார்க்கவில்லை என்பதே தெரியவருகிறது.

அந்த மண்டையோடு ஏறத்தாழ ஓர் அடி நீளம். குரங்கினத் தலை என்றால் உருண்டையாக, கண்கள் முன்னோக்கி இருக்கும் என்று கை தானாகவே ஒரு வட்டத்தைப் போட்டுவிட்டது. அதை அழிக்க வேண்டியதாயிற்று. கண்குழிகள் பக்கவாட்டில் விலகி நிற்கின்றன, முகம் நீண்டு ஒடுங்கிப் போகிறது, மூக்கெலும்பு முன்னே நீட்டிக்கொண்டிருக்கிறது, மேல்தாடையில் முன்பற்களே இல்லை. இலைகளைப் பற்றி இழுக்கத் தசைப்பிடிப்புள்ள மேலுதடு இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுவது இந்த அமைப்பினால்தான். ஒரு மணி நேரம் கழித்துக் காவலர் என் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப்பார்த்து, "ஓம்பி?" என்று கேட்டார். மலகாசி மொழியில் ஓம்பி என்றால் மாடு. எனக்கு வெட்கமாக இருந்தாலும், அவர் சொன்னது முழுத் தவறில்லை.

எலும்பைப் பார்த்து உடலைத் தவறாகக் கணித்தவன் நான் மட்டுமல்லன் என்பது பெரிய ஆறுதல். பேலியோப்ரோபிதீக்கஸ் என்ற மற்றொரு பெரிய லெமூரின் தொடையெலும்பைக் கண்ட பிரெஞ்சு ஆய்வாளர் கியோம் கிராண்டிடியே, அது கிளைகளில் தலைகீழாகத் தொங்கும் தென்னமெரிக்க அசமந்தம் (sloth) போன்ற ஒரு விலங்கினுடையது என்று எண்ணி, 1901-இல் பிராடிதீரியம் எனத் தனிப்பெயரே சூட்டினார். அடுத்து வந்த ஆய்வாளர் ஸ்டாண்டிங் இவ்வகை லெமூர்கள் நீரில் வாழ்ந்தவை என்றார். இத்தாலிய உடற்கூற்றியலாளர் செரா அந்தக் கருத்தை மேலும் வளர்த்தெடுத்தார். கைகள் கால்களைவிட நீளமாகவும் விரல்கள் கொக்கி போலவும் இருப்பதை வைத்து, இது கிளைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கி வாழ்ந்த விலங்கு என்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதாவது, இனத்தைத் தவறாகச் சொன்ன கிராண்டிடியே வாழ்ந்த விதத்தைக் கிட்டத்தட்டச் சரியாகத் தொட்டிருந்தார்.

உயிரோடு இருந்தபோது இவற்றைக் கண்டவர்களின் சொற்களும் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. தீவின் தென்கிழக்கில் பிரெஞ்சுக் குடியேற்றத்தின் ஆளுநராக இருந்த எத்தியன் தெ ஃபிளாக்கூர், 1658-இல் வெளியிட்ட நூலில் 'ட்ரெட்ரெட்ரெட்ரெ' என்ற விலங்கைப் பற்றி எழுதினார். இரண்டு வயதுக் கன்றின் பருமன், உருண்டைத் தலை, மனித முகம், குரங்கின் கைகால்கள், சுருண்ட மயிர், குட்டை வால், தனித்தே திரிவது, ஊரார் அதைக் கண்டால் ஓடுவார்கள், அதுவும் அவர்களைக் கண்டால் ஓடும் என்கிறார். இது மெகலடாபிஸா பேலியோப்ரோபிதீக்கஸா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. நான் வரைந்ததை மாடு என்ற காவலரையும் கன்றின் பருமன் என்ற ஆளுநரையும் அன்று மாலை ஒரே பக்கத்தில் எழுதிவைத்தேன்.

ஓவியம் என்று எதுவும் இல்லையா என்றால், மேற்கே பியாங்கா காட்டுப் பகுதியிலுள்ள ஆண்ட்ரியமமேலோ குகையைச் சொல்ல வேண்டும். அங்கே கறுப்பு நிறமியால் தீட்டப்பட்ட உருவங்களில் ஒன்று பெருலெமூராக இருக்கக்கூடும் என்று டேவிட் பர்னி உள்ளிட்ட குழுவினர் 2020-இல் எழுதினார்கள். நான் அங்கே போகவில்லை, படியெடுத்த கோட்டுருவத்தைத்தான் பார்த்தேன். நீண்ட கைகால்கள் கொண்ட அந்த உருவம் எனக்கு உடனே பிடிபடவில்லை. பேலியோப்ரோபிதீக்கஸின் எலும்புக்கூட்டுப் படத்தைப் பக்கத்தில் வைத்தபோதுதான் நம்பத் தோன்றியது. நம்ப விரும்பியதால் நம்பினேனா என்ற ஐயமும் உண்டு.

மறுநாள் மேற்கே இட்டாசி ஏரிப் பகுதிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். அங்குள்ள அம்பசம்பசிம்பா சதுப்பில்தான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்க்கியோஇந்திரிஸின் எலும்புகள் கிடைத்தன. சுமார் 160 கிலோ, கொரில்லாவின் எடை. நாம் அறிந்த லெமூர்களில் மிகப் பெரியது. இன்று உயிரோடிருக்கும் லெமூர் எதுவும் 10 கிலோவைத் தாண்டுவதில்லை என்பதை இதோடு சேர்த்து எண்ணிப்பார்க்க வேண்டும். மழையில் மண்பாதை குழம்பிக் கிடந்ததால் ஏரிக்கரைக்கு அப்பால் போக முடியவில்லை. எதிர்ப்பட்ட பெரியவர் ஒருவர் கையால் திசையைக் காட்டினார். அவர் காட்டிய பக்கம் நெல்வயலும் புல்மூடிய குன்றுகளுமாக இருந்தது. இலைதின்னும் அத்தனை பெரிய உடம்பைத் தாங்க எவ்வளவு காடு வேண்டியிருந்திருக்கும் என்று, நனைந்த சட்டையோடு நின்று அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடந்த 2000 ஆண்டுகளுக்குள் குறைந்தது 17 வகை லெமூர்கள் இத்தீவில் அழிந்திருக்கின்றன. தென்மேற்கில் தாவோலம்பிபியில் கிடைத்த பேலியோப்ரோபிதீக்கஸ் எலும்புகளில் கத்தி வெட்டின் தழும்புகள் உள்ளன. வடமேற்கில் அஞ்சோஹிபே குகையின் சுண்ணாம்புப் படிவுகள், ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன் காடு குறுகிய காலத்தில் புல்வெளியாக மாறியதைக் காட்டுகின்றன. மேய்ச்சலுக்காக மூட்டிய தீயே காரணம் என்கிறார்கள். வேட்டை மட்டும் அல்லது தீ மட்டும் என்று ஒன்றை நிறுத்தி வாதிடுவோரின் பக்கம் நான் சாயமாட்டேன். மெல்ல நகர்ந்து, நெடுங்கால இடைவெளியில் ஒரு குட்டி ஈனும் விலங்குக்கு இரண்டும் சேர்ந்தால் தப்ப வழியில்லை.

கடைசி இரண்டு நாட்கள் கிழக்கே அண்டாசிபே மழைக்காட்டில். அங்கே இந்திரி லெமூர்களை மக்கள் பபக்கூட்டு என்கிறார்கள்; மனிதரின் உறவென்று கருதி அவற்றைக் கொல்வதை விலக்கி வைத்திருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு மரங்களின் மேலிருந்து அவற்றின் நீண்ட ஓலம் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தது. ஓய்ந்த பிறகு, ஈரமான ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து வழிகாட்டியிடம் வரைபுத்தகத்தைக் காட்டினேன். என் மெகலடாபிஸை அவர் வெகுநேரம் பார்த்தார். மாடு என்று சொல்லவில்லை. இதற்கு எங்கள் முன்னோர் ஒரு பெயர் வைத்திருப்பார்களே என்றார். ஃபிளாக்கூரின் சொல்லை நான் படித்துச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுத் தம் நாக்கில் அதை உருட்டினார், நான் சொன்னதைவிட அழுத்தமாகவும் வேகமாகவும், இரண்டு முறை. அதைக் காதில் விழுந்தபடியே 'ட்ராட்ராட்ராட்ரா' என்று படத்துக்குக் கீழே தமிழில் எழுதிக்கொண்டேன்.