இருபது பிரதிகளைச் சுமந்து சிங்கப்பூர் போன கதை

மலேசியாவில் உள்ள ஈப்போவுக்குத் திரும்பி இரண்டு நாள் ஆகிறது, வலது தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. முதல் நாவலை அச்சிட்டுவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த எனக்கு, சிங்கப்பூரில் நடந்த இரண்டு நாள் எழுத்தாளர் மாநாட்டில் இடம் கிடைத்தது. இதேபோல் போக நினைப்பவர்களுக்கு உதவும்படி செலவு, வழி, தங்குமிடம் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பேருந்தைப் பற்றிச் சொல்லாமல் வேறெதையும் சொல்ல மனம் வரவில்லை.

இரவுப் பேருந்தில் ஏறியதும் குளிர்சாதனத்தின் காற்றுத் துவாரம் உடைந்து என் தலைக்கு நேராகத் திறந்தே இருப்பதைக் கண்டேன். ஓட்டுநரிடம் சொன்னபோது, துண்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். விடியும்வரை முண்டாசுடன் உட்கார்ந்து, ஜோகூர் பாருவின் லார்க்கின் பேருந்து நிலையத்தில் இறங்கி, சிங்கப்பூரின் குயின் ஸ்திரீட்டுக்குப் போகும் எல்லைப் பேருந்தைப் பிடித்தேன். முதல்முறை போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஜோகூர் பாருவில் ஒருமுறை, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் ஒருமுறை, எல்லா மூட்டையையும் தூக்கிக்கொண்டு இறங்கிக் குடிநுழைவைக் கடந்து மீண்டும் ஏற வேண்டும், நாம் வந்த பேருந்து நமக்காகக் காத்திருக்காது, அடுத்து வருவதில் ஏற வேண்டியிருப்பதால் பயணச்சீட்டைத் தொலைக்கவும் கூடாது. சிங்கப்பூர் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் இலவசமாகவே நிரப்பிவிடலாம். அதற்குப் பணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம்.

என் மூட்டையில் இருந்தவை நாவலின் 20 பிரதிகள். 412 பக்கம், ஒரு பிரதி அரைக் கிலோ. பதிப்பாளர்களுக்கும் விமர்சகர்களுக்கும் அன்பளிப்பாகக் கொடுத்தால் பெயர் பரவும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் கடற்பாலத்தைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆன அந்தச் சனிக்கிழமைக் காலையில், பத்துக் கிலோ நாவலைப் படிக்கட்டுகளில் ஏற்றியும் இறக்கியும் அலைந்தபோது, இவ்வளவு எழுதியிருக்க வேண்டுமா என்ற கேள்வி முதன்முதலாக எழுந்தது.

தங்குமிடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெட்டுக்குத்தாய் அடுக்கிய படுக்கைப் பெட்டிகளில் ஒன்று, 40 வெள்ளி என்று போட்டிருந்தார்கள். பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், அதன்மேல் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரி என்று சேர்ந்து 47.96 ஆகிவிட்டது. நாங்களும் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறோம், இவர்களும் தங்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். சொல் ஒன்றாக இருப்பதால் மனம் ஏமாந்துபோகிறது, ஏறத்தாழ 150 ரிங்கிட் போன பிறகுதான் கணக்குப் புரிகிறது.

மாநாட்டின் தொடக்கவுரைகள் தொடக்கவுரைகளைப் போலவே இருந்தன. ஆனால் பிற்பகலில் நடந்த பிரதிச் செம்மையாக்கப் பட்டறை ஒன்றுக்காகவே நான் மீண்டும் அந்தப் பேருந்தில் ஏறுவேன். சென்னையிலிருந்து வந்திருந்த பதிப்பாசிரியர் அம்மையார் எங்கள் பன்னிரண்டு பேரையும் அவரவர் நூலின் முதல் பக்கத்தை உரக்கப் படிக்கச் சொன்னார். பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பனி விழுவதையும் மரத்தின் வெட்டுக்கோட்டில் கோட்டுப்பால் உறைவதையும் நான் மூன்று பக்கத்துக்கு வர்ணித்திருந்தேன். முதல் பக்கத்தைப் படித்து முடித்ததும் அவர், “தம்பி, பனி நன்றாகத்தான் விழுகிறது, ஆள் எப்போது வருவார்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் இரண்டாம் பக்கத்தைப் புரட்டக் கூச்சமாக இருந்தது.

ஒற்றுப்பிழை பார்த்துவிட்டால் நாவல் செம்மையாகிவிட்டது என்று அதுவரை நம்பியிருந்தேன். தமிழாசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் வல்லினம் மிகும் இடங்களையெல்லாம் சிவப்பு மையில் குறித்துக் கொடுத்தார், அத்துடன் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். மெய்ப்புத் திருத்துவது வேறு, ஓர் அத்தியாயம் அந்த இடத்தில் ஏன் இருக்கிறது என்று கேட்பது வேறு என்பதை அந்த அம்மையார் என் பிரதியைக் கொண்டே விளக்கினார். உரக்கப் படிக்கும்போது நாக்கு இடறும் வாக்கியத்தைத் திருத்த வேண்டும், குரல் தானாகவே வேகமெடுக்கும் பத்தியை எடுத்துவிட வேண்டும் என்றார். வர்ணனைக்கு வந்தபோது என் குரல் ஓட்டமாக ஓடியிருந்தது. தமிழ்ப் பதிப்புலகில் இதற்கென ஆள் வைக்காமல், அட்டைப்படத்துக்கும் வெளியீட்டு விழாப் பொன்னாடைக்கும் செலவழிப்பதை என்னவென்று சொல்வது? நானும் அப்படித்தான் செலவழித்தேன்.

அன்றிரவு லிட்டில் இந்தியாவின் தேக்கா உணவங்காடியில், பட்டறையில் அறிமுகமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆட்டிறைச்சி பிரியாணி வாங்கித் தந்தார். ஈரப்பசை இல்லாமல் உதிர்ந்த நீள அரிசி, எலும்பைத் தொட்டதும் கழன்றுவிடும் இறைச்சி, மேலே புளிப்பேறிய வெள்ளரி அச்சார். பெட்டிக்குக் கொடுத்த 47.96 வெள்ளியை அந்த ஒரு தட்டில் மறந்தேன். மறுசோறு கேட்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் என் நாவலின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். கிராணி, மண்டோர், லயம், பெரட்டு, பசியாறுதல் என்று தோட்டத்துச் சொற்களுக்கு ஆறு பக்கத்துக்குச் சொற்பொருள் பட்டியல் கொடுத்திருந்தேன். “எனக்கு இது வேண்டாம் ஐயா, என் பேரனுக்குத்தான் வேண்டும், ஆனால் அவன் பொருள் பார்ப்பதற்காகக் கதையை நிறுத்தமாட்டான், புத்தகத்தையே மூடிவிடுவான்” என்றார். விடியற்காலையில் ஆட்கள் வரிசையில் நிற்க, மண்டோர் பெயர் கூப்பிடும் காட்சி சரியாக இருந்தால் பெரட்டு என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்று அவர் சொன்னபோது, அந்த ஆறு பக்கமும் என் கண்முன்னே கிழிந்து விழுந்தன.

மறுநாள் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போனேன். சிங்கப்பூரர்கள் ஐம்பது ஆண்டுகளில் எழுதிய தமிழ் நூல்களை மின்வடிவமாக்கி 2015இல் நாட்டுக்கு அளித்திருக்கிறார்கள் என்பதைப் பொறாமையுடன்தான் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் வெளியாகும் நூல் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகளை நான்கு வாரத்துக்குள் நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று மாநாட்டில் ஒருவர் சொன்னார். மலேசியாவில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து பிரதிகள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் ஒன்றைக்கூட அனுப்பவில்லை.

அன்பளிப்புத் திட்டமும் தோற்றது. ஆறு பேர் வாங்கிக்கொண்டார்கள், அவர்களில் ஒருவர் தம் பிரதியைத் தேநீர் மேசையிலேயே விட்டுப் போனார். அதை எடுத்து மீண்டும் பைக்குள் வைத்தேன், ஆக மொத்தம் 15. கோலாலம்பூரில் உள்ள எங்கள் தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டிய ஐந்தைத் தனியாகக் கட்டி வைத்தேன்.

திரும்பும்போது, போகையில் ரிங்கிட்டில் வாங்கிய அதே எண்ணைப் பேருந்தில் சிங்கப்பூர் வெள்ளியில் வாங்கினார்கள். வெள்ளி வெள்ளிதானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, ஒரு பிரதியையும் பென்சிலையும் எடுத்து, உட்லண்ட்ஸ் வரிசையில் நின்றபடியே வேண்டாத வரிகளை அடிக்கத் தொடங்கினேன். ஜோகூர் பாருவில் இறங்கியபோது 31ஆம் பக்கத்தில் இருந்தேன். மண்டோர் அப்போதுதான் பெரட்டுக் களத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.