வேரில் கறுப்பு, நுனியில் வெள்ளை

வகிட்டுக்கு இடப்பக்கம் நரை விழுந்திருப்பதை முதலில் பார்த்தது என் அக்காதான். அப்போது எனக்கு 24 வயது. "இங்க பாரு, ஏழெட்டு இருக்கு" என்று விரலால் பிரித்துக் காட்டினாள். ஆறே மாதத்தில் அது எண்ண முடியாத அளவுக்குப் போய்விட்டது. சீப்பை எடுத்தாலே பயம், கொத்துக் கொத்தாக முடி வந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் இளநரை கிடையாது. அப்பாவுக்கே ஐம்பதைத் தாண்டித்தான் நரைத்தது.

முடிக்கு பி வைட்டமின் நல்லது என்று எல்லோரும் சொல்ல, நானே போய் பயோட்டின் மாத்திரை வாங்கினேன். அதுவும் பி குடும்பம்தான், பி7. ஒரு மாத்திரையில் 10,000 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராமே போதும் என்பதை ரொம்பப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நான்கு மாதம் விடாமல் சாப்பிட்டேன். நரையும் நிற்கவில்லை, கொட்டுவதும் நிற்கவில்லை. பயோட்டின் குறைபாட்டால் முடி கொட்டினால் அந்த மாத்திரை கைகொடுக்கும். ஆனால் அந்தக் குறைபாடு வருவதே அபூர்வம்.

இதற்கிடையில் வேறு சில தொல்லைகள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரவில் உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல இருந்தது, சில சமயம் மரத்தும் போனது. முடிக்கும் காலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சோர்வுக்காகத்தான் டாக்டரிடம் போனேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு குழப்பமாக வந்தது. தைராய்டு அதிகமாகச் சுரப்பதாக ஒரு தாள் சொன்னது. பி12 அளவு 430, அதில் குறையே இல்லை. ஆனால் பி12 குறைந்தால் ஆவது போலச் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. டாக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார், நிதானமாகத்தான் ஓடியது. எடையும் குறையவில்லை. "இது தைராய்டு மாதிரி இல்லையே. என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றார். நெஞ்செரிச்சலுக்கு மூன்று வருடமாக எடுத்துவரும் அமிலம் குறைக்கும் மாத்திரையை மட்டும் சொன்னேன். "சத்து மாத்திரை, முடிக்கு ஏதாவது?" என்று அவர் திரும்பக் கேட்ட பிறகுதான் பயோட்டின் ஞாபகம் வந்தது. வைட்டமினை நான் மருந்துக் கணக்கில் சேர்த்ததே இல்லை.

அந்த ஒரு கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. பல லேப் கருவிகள் அளவு பார்ப்பதற்கே பயோட்டினைப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது ஏற்கெனவே ததும்பிக் கிடந்தால் கணக்கு பிசகும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும், தைராய்டு ஹார்மோன் பொய்யாகக் கூடியும் தெரியும். சில முறைகளில் பி12 அளவுகூட உண்மையைவிட அதிகமாகக் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் பரிசோதனையே தவறலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017ல் எச்சரித்திருக்கிறது. முடிக்காக இந்த மாத்திரை சாப்பிடுகிற யாராக இருந்தாலும், ரத்தம் கொடுக்கும் முன் தயவுசெய்து அதைச் சொல்லிவிடுங்கள்.

ஒரு வாரம் பயோட்டினை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தேன். தைராய்டு சரியாக இருந்தது. பி12 வெறும் 138. இருநூறுக்குக் கீழே போனாலே பொதுவாகக் குறைபாடுதான்.

காரணத்தை டாக்டர் பொறுமையாக விளக்கினார். உணவில் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்க வயிற்று அமிலம் வேண்டும். நானோ அந்த அமிலத்தை வருடக்கணக்கில் அடக்கி வைத்திருந்தேன். அசைவத்தை விட்டும் ஏழு வருடம் ஆகியிருந்தது. தாவர உணவில் இயல்பாக பி12 கிடையாது. கல்லீரல் சில வருடங்களுக்குத் தாங்குகிற அளவு சேமித்து வைத்திருக்கும், அதனால்தான் குறை இவ்வளவு மெதுவாக வெளியே தெரிந்தது. செல்கள் பிரிந்து பெருக பி12 வேண்டும். ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையிலும் முடியின் வேரிலும் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. அடி அங்கேதான் விழுகிறது. "முடி போனா பரவாயில்லை, நரம்பை விட்டா திரும்பாம போகலாம்" என்றார் டாக்டர். அதைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அப்புறம் ஊசிதான். மருந்து நல்ல சிவப்பாக இருக்கும். அந்த நிறம் பி12க்கே உரியது, அதன் நடுவில் கோபால்ட் இருக்கிறது. முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. இரண்டு வாரத்தில் மூச்சு வாங்குவது குறைந்தது. கால் குணமாக நான்கு மாதம் ஆனது. நெஞ்செரிச்சல் மாத்திரையையும் டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்தேன்.

ஐந்தாவது மாதம், குளித்து முடித்துத் தலை துவட்டும்போது துண்டில் ஒரு முடி ஒட்டியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளைத் தாளில் வைத்தால் பாதி மறைந்துவிட்டது, பாதி தெரிந்தது. நுனிப்பக்கம் வெள்ளை. வேர்ப்பக்கம் நல்ல கறுப்பு. நடுவில் தேன் நிறத்தில் ஒரு சின்ன இடைவெளி. ஸ்கேல் வைத்து அளந்தேன். கறுப்பு மட்டும் மூன்று சென்டிமீட்டர். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அப்படியென்றால் ஊசி ஆரம்பித்து ஒன்றிரண்டு மாதத்திலேயே அந்த வேரில் நிறம் திரும்பியிருக்கிறது, நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தாளை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய் ரொம்ப நேரம் பார்த்தாள்.

எல்லா நரையும் திரும்பவில்லை. காதோரத்தில் வெளுத்தவை வெளுத்தபடியே இருக்கின்றன. பி12 சரியான அளவில் இருப்பவர்களுக்கு இந்த ஊசி நரையை மாற்றப் போவதும் இல்லை. முடி கொட்டுவது நன்றாகக் குறைந்திருக்கிறது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, வருடத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. அந்த முடியைத் தாளோடு மடித்து, 138 என்று போட்ட ரிப்போர்ட்டுடன் அதே ஃபைலில் வைத்திருக்கிறேன்.