நடுகல் வீரனின் வாள் துணியில் நேராக வந்தது

தருமபுரி அருங்காட்சியகத்து நடுகல் ஒன்றைப் பார்த்து வரைந்த வீரனின் உருவம், கல்லில் இருக்கும் அதே உடற்கட்டோடு கைத்தறிப் பருத்தித் துணியில் கிராஸ் ஸ்டிச்சாக (இழைகளை எண்ணிப் பெருக்கல் குறியாகப் போடும் தையல்) இந்த வாரம் நிறைவுபெற்றது. பெருமகிழ்ச்சி.

இந்தத் தையலுக்கென்றே கிடைக்கும் ஐடா துணியில் கட்டங்கள் சதுரமாகவே நெய்யப்பட்டிருக்கும். கைத்தறியில் பாவும் (நெடுக்கு இழை) ஊடையும் (குறுக்கு இழை) ஒரே நெருக்கத்தில் அமைவது அரிது. கஞ்சி போக அலசி உலர்த்திய பின் இழை எண்ணும் உருப்பெருக்கியான பிக் கிளாஸ் வைத்து எண்ணியதில், இந்தத் துணியில் அங்குலத்துக்குப் பாவு 48 இழை, ஊடை 40 இழை இருந்தன. கணினியில் 96 கட்ட அகலமும் 120 கட்ட உயரமும் கொண்ட படத்தைக் கட்டத்துக்கு இரண்டிரண்டு இழையாகப் பிடித்துத் தைத்தால், அகலம் 4 அங்குலமாகவும், உயரம் 5 அங்குலத்துக்குப் பதிலாக 6 அங்குலமாகவும் அமைந்து, காலை அகல ஊன்றி நிற்கும் வீரன் ஒடிசலாகிவிடுவான்.

ஆகவே உயரம் 100 கட்டங்களாகக் குறைய வேண்டும். அதைக் கட்டப்படத்தின் மேல் நேரடியாகச் செய்யவே கூடாது. மென்பொருள் ஆறு வரிசைக்கு ஒன்றை நீக்கும்போது இடைக்கச்சையின் ஒற்றைக் கோடு காணாமல் போகும், ஓங்கிய வாள் நடுவில் முறியும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளிலுள்ள கோட்டுப்படத்தின் உயரத்தை மட்டும் ஆறில் ஐந்தாகச் சுருக்கி, அதன் பிறகே கட்டப்படமாக மாற்றி, வாளின் படிகளை ஒவ்வொன்றாகக் கையால் ஒழுங்குபடுத்தினேன். திரையில் வீரன் குள்ளமாகத் தெரிவான்; அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அரூர்ப் பக்கத்து மகளிர் குழுவினர் ஆளுக்கொரு வீரனைத் தைத்து, எல்லாவற்றையும் ஒரே தொங்குதிரையாக இணைக்கப்போகிறோம். யாரேனும் துணியைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்தால் விகிதம் முழுவதும் மாறிவிடும் என்பதால், ஒவ்வொரு துண்டின் மூலையிலும் பாவின் திசையைக் காட்டும் சிவப்பு நூல் ஓட்டியிருக்கிறேன். குழுவின் மூத்த அக்கா ஒருவர், கட்டப்படத்தின் நடுக்கோட்டையும் சிவப்பிலேயே அச்சிட்டுத் தரச் சொன்னார். அதன்பின் எண்ணும் வேகம் வெகுவாகக் கூடியது.

துணி வாங்குவோர் தேவைக்குச் சற்றுக் கூடுதலாகவே தறியில் ஒருமுறை பூட்டிய ஒரே பாவில் நெய்ததாகக் கேட்டு வாங்குவது நல்லது. அடுத்த பாவில் எண்ணிக்கை மாறினால் கட்டப்படத்தையே புதிதாக எழுத நேரும்.

இடைக்கச்சையை மட்டும் பட்டு நூலில் தைக்கும் எண்ணமும் இருக்கிறது. பட்டுக்கூடு அங்காடி இயங்கும் ஊரில் இருந்துகொண்டு வெளியூர் நூலைத் தேட மனம் வரவில்லை. எங்கள் மாவட்டத்துச் சிட்டிலிங்கியின் லம்பாடிப் பெண்களிடம் கண்ணாடி பதிக்கும் தையலைக் கற்றுக்கொண்டு கரையில் சேர்க்கவும் ஆசை. அதற்கு முன், வீரன் மீட்ட ஆநிரைக்குக் கட்டப்படம் எழுத வேண்டும்; மாடுகளின் கொம்பு வளைவு வாளைவிடக் கடினமாக இருக்கிறது.