435.9: ஜூலைக் குறிப்புகள்

ஜூலை 6, 2025

செயற்கைக்கோள் வழியே கைபேசிச் சேவை தரும் ஏஎஸ்டி ஸ்பேஸ்மொபைல் நிறுவனத்தின் மனுவை மறுபடி வாசித்தாயிற்று. அதன் புளூபேர்டு செயற்கைக்கோள்களுக்கு 430–440 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமாம். கைபேசிச் சேவைக்கு அல்ல, டெலிமெட்ரிக்கும் (கோள் தன் நிலையைத் தரைக்குச் சொல்வது) கட்டளைக்கும். அதுவும் அமெரிக்காவுக்கு வெளியே மட்டும். மைய அலைவரிசைகள் 430.5, 432.3, 434.1, 435.9, 439.5. ஒவ்வொன்றும் 50 கிலோஹெர்ட்ஸ் அகலம். அமெரிக்கத் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யில் கருத்துச் சொல்ல 21ஆம் தேதி வரை நேரம்.

435.9தான் உறுத்துகிறது. ஹாம்கள், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்கள், தம் கோள்களைக் கேட்கும் இடம் அது.

ஜூலை 7

ஹாம் கோளான எஃப்ஓ-29இன் டவுன்லிங்க் (கோளிலிருந்து தரைக்கு வருவது) 435.800 முதல் 435.900 வரை. 435.9ஐச் சுற்றி 50 கிலோஹெர்ட்ஸ் என்றால் 435.875–435.925. பாஸ்பேண்டின், அதாவது அது பேசும் அந்தப் பட்டையின், மேல் கால்வாசி போயிற்று. ஒரு கோள் நெருங்கும்போது இன்னொன்று விலகினால் டாப்ளர் (நகர்வால் அலைவரிசை மாறுவது) இன்னும் 20 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ளே தள்ளும். 435.795இல் இருக்கும் பீக்கன் (அடையாள சிக்னல்) எப்படியும் தப்பும். 1996இல் ஏவிய கோள். பேட்டரி செத்து, வெயில் பட்டால்தான் பேசும். இதன் தலையிலா?

ஜூலை 9

“வெறும் டெலிமெட்ரிதானே, சின்ன சிக்னல்” என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஈஐஆர்பி (ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் திறன்) 1 வாட் என்று வைத்துக்கொள்வோம், அதாவது +30 டிபிஎம் (மில்லிவாட்டை 0 ஆக வைத்த டெசிபல்). 1000 கி.மீ. தொலைவில் 435 மெகாஹெர்ட்ஸுக்குப் பாதை இழப்பு 145 டிபி. ஆன்டெனாவில் கிடைப்பது −115. அது 50 கிலோஹெர்ட்ஸில் பரவியிருக்கிறது. குரல் கேட்கும் எஸ்எஸ்பி ஃபில்டர் 2.5 கிலோஹெர்ட்ஸ், இருபதில் ஒரு பங்கு, 13 டிபி கழியும். −128. அதே ஃபில்டரில் வெப்ப இரைச்சல் −140, நல்ல ப்ரீஆம்ப் போட்டால் −139. ஆக இரைச்சல் தளம் 11 டிபி எழும்புகிறது. லீனியர் ட்ரான்ஸ்பாண்டரில் (கேட்ட பட்டையை அப்படியே திருப்பி அனுப்பும் கருவி) வரும் பலவீனமான குரல் அந்த 11 டிபிக்குள்தான் வாழ்கிறது.

இதில் ஆன்டெனா கெயின் 0 என்றுதான் எடுத்திருக்கிறது. யாகி என்னும் திசை ஆன்டெனாவை வேறு கோளின் பக்கம் திருப்பியிருந்தாலும் பக்கக் கதிர் அந்த அளவில் இருக்கும். ஆகவே “ஆன்டெனாவைத் திருப்பிக்கொள்ளலாமே” என்ற யோசனை எடுபடாது. ஃபில்டரும் உதவாது, இடையூறு இருப்பது பேண்டுக்கு உள்ளேயே.

ஜூலை 10

சர்வதேச ரேடியோ விதிகளின் 5.282 அடிக்குறிப்பு: 435–438இல் ஹாம் கோள்கள் மற்றவர்க்கு இடையூறு செய்யக்கூடாது. நம் கையைக் கட்டியிருக்கிறது, சரி. வணிகக் கோளின் டெலிமெட்ரிக்கு இந்த 435–438இல் ஒதுக்கீடே இல்லையே, அதன் கையை யார் கட்டுவது?

ஜூலை 13

இடையூறு என்று புகார் எழுதுமுன் அது வானத்திலிருந்துதான் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பாதிப் புகார்கள் இங்கேயே உதிரும்.

எஸ்டிஆர் டாங்கிளை (கணினியில் செருகும் ரிசீவர்) 436.0இல் வைக்கவும், சாம்பிள் வேகம் 2.4 மெகா. ஏஜிசி (தானாகப் பெருக்கத்தை மாற்றுவது) வேண்டாம், கெயின் கைமுறையில். மூல சிக்னலை ஐக்யூ கோப்பாகவே பதியவும். நேரத்தோடு அலைவரிசை நகர்வதைக் காட்டும் வாட்டர்ஃபால் படம் மட்டும் இருந்தால் பின்னால் அளக்க முடியாது. கணினிக் கடிகாரம் என்டிபியில் (இணைய நேரச் சேவை) ஒட்டியிருக்க வேண்டும். நேரம் பிசகினால் டாப்ளர் வளைவு வேறு கோளோடு பொருந்திவிடலாம், குறிப்பாக ஒரே ஏவுதலில் போனவை வரிசையாக வரும்போது.

பிறகு சிக்னலைக் குறைக்கும் 10 டிபி அட்டெனுவேட்டர். சிக்னல் 10 டிபி இறங்கினால் நிஜம். 30 இறங்கினால் அது பலமான சிக்னல்கள் கலந்து ரிசீவருக்குள்ளேயே பிறந்த போலி, இன்டர்மாட்.

வாட்டர்ஃபாலில் நேர்கோடு என்றால் தரை. 433.05–434.79இல் வருவதில் பெரும்பாலும் சாவி ரிமோட்டும் வானிலை சென்சாரும்தான். எஸ் வளைவு என்றால் கோள். வளைவின் நடுச்சரிவு உயரம் சொல்லும்: தலைக்கு நேர் மேலே 500 கி.மீ.யில் போகும் கோளுக்கு விநாடிக்கு 150 ஹெர்ட்ஸ் சுமார், 1000 கி.மீ.யில் அதில் பாதிக்கும் குறைவு. கடைசியில் அன்றைய டிஎல்இயை (சுற்றுப்பாதைத் தரவு) ஜிப்ரெடிக்ட் மென்பொருளில் ஏற்றி, நெருங்கிய கணம் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். பழைய டிஎல்இ கூடாது.

ஜூலை 14

435.9 அமைதி.

ஜூலை 16

இத்தனை நாள் டவுன்லிங்க்கையே பிடித்துத் தொங்கியாயிற்று. அப்லிங்க், தரையிலிருந்து கோளுக்குப் போவது?

தரை நிலையம் பெரிய ஆன்டெனாவோடு 430–440இல் கட்டளை அனுப்பினால் அதே வானத்தில் இருக்கும் ஹாம் கோளின் ரிசீவருக்கும் அது போய்ச் சேரும். ஏஓ-7, 1974இல் போன ஹாம் கோள், 432.125–432.175இல் கேட்கிறது. மனுவில் உள்ள 432.3 அதற்குள் விழாது, சற்று மேலே; ஆனால் பொதுவாக லீனியர் ட்ரான்ஸ்பாண்டரின் பாஸ்பேண்டுக்குள் ஒரே ஒரு பலமான சிக்னல் விழுந்தால் போதும், ஏஜிசி எல்லோரையும் சேர்த்து அமுக்கிவிடும். கீழே இருப்பவர்க்கு இடையூறு காதில் விழாது. கோள் செத்துவிட்டதென்று ரேடியோவை அணைத்துவிடுவார். டவுன்லிங்க்கையாவது பதிந்து நிரூபிக்கலாம். இதை எதை வைத்து நிரூபிப்பது?

ஜூலை 18

ஐரோப்பிய புவி நோக்குக் கோளான பயோமாஸின் ரேடாரையும் சிலர் இதோடு சேர்த்துத் திட்டுகிறார்கள். அது வேறு. 432–438இல் புவி நோக்கு ரேடாருக்கு 2003 உலக ரேடியோ மாநாட்டிலேயே இடம் கொடுத்தாயிற்று; அந்தக் கோள் அதன்படி ஏப்ரலில் போனது. இரண்டையும் குழப்பி எழுதும் கடிதம் நம் வாதத்தைத்தான் கெடுக்கும்.

ஜூலை 21

கடைசி நாள். “இது எங்கள் பேண்டு” என்று நூறு கடிதம் எழுதுவதைவிட 435.875–435.900 என்ற ஒரு வரி மேல். டெலிமெட்ரிக்கும் கட்டளைக்கும் ஒதுக்கிய எஸ் பேண்டு 2025–2110, 2200–2290 மெகாஹெர்ட்ஸ் இருக்க இங்கே ஏன் என்ற கேள்வியும் போக வேண்டும்.

ஜூலை 23

எஃப்ஓ-29 வெயிலில் தலைக்கு மேல் கடக்கும் நேரம், பாஸ்பேண்டின் மேல் முனையில் இரைச்சல் தூக்கல். நேர்கோடு. தரை. அட்டெனுவேட்டர் போட்டுப் பார்க்க வேண்டும்.