பாட் மாற்றிய பிறகு பெடல் பஞ்சு மாதிரிப் போகிறதா? எயார் எடுக்க முதல் இதைப் பாருங்கள்

முன் சில்லு இரண்டுக்கும் புது பிரேக் பாட் போட்டாயிற்று. ஏறி மிதித்தால் பெடல் பஞ்சில் கால் வைத்தது போல உள்ளே போகிறது. உடனே எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "எயார் பிடிச்சிட்டுது, எயார் எடுக்க வேணும்." பிரேக் ஒயில் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே விடுவதைத்தான் எயார் எடுப்பது என்கிறார்கள். பெரும்பாலும் காற்று காரணமில்லை. பாட் மாற்றும்போது ஒயில் ஓடுகிற குழாய் எதையும் நாம் கழற்றுவதில்லை, ஒயிலை வெளியே விடுகிற சின்னத் திருகான நிப்பிளையும் தொடுவதில்லை. மூடிக் கிடக்கிற பாதைக்குள் காற்று தானாக வந்து சேராது. கை பட்ட இடங்களை முதலில் பாருங்கள்.

எயார் புக இரண்டு வழி உண்டு. பாட்டை அமத்துகிற பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும்போது நிப்பிளைத் திறந்து பழைய ஒயிலை வெளியே விட்டிருந்தால், அதை மூட முதல் கொஞ்சம் காற்றை இழுத்திருக்கலாம். மற்றது, ஒயில் டாங்க் நிரம்பி வழியுமே என்று பயந்து அளவுக்கு மிஞ்சி உறிஞ்சி எடுத்தது. பிறகு பெடலை மிதிக்க மிதிக்கப் பிஸ்டன் வெளியே வரும், டாங்கில் ஒயில் இறங்கும். அடித்துளை தெரிந்துவிட்டால், பெடல் மிதிக்க ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் பம்ப் காற்றைத்தான் விழுங்கும். இந்த இரண்டும் நடக்கவில்லை என்றால் நிப்பிளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

எஞ்சினை நிறுத்திவிட்டு நாலைந்து தரம் மிதியுங்கள், மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தருகிற பூஸ்டரில் இருக்கிற வெற்றிடம் தீரும். காலை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்கும். அது பூஸ்டர் ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம், பழுதல்ல. எஞ்சின் நின்றிருக்கும்போதே பெடலின் குணத்தைக் காலால் படியுங்கள். முதல் மிதியில் ஆழமாகப் போய், அடுத்தடுத்த மிதியில் மேலே வந்து கல் மாதிரி நின்றால் எங்கோ இடைவெளி கூடிவிட்டது. மேலே வந்த பிறகும் ரப்பர் பந்தை அமத்துவது போல நெகிழ்ந்தால் எயார், பழைய ஹோஸ் (ஒயில் போகிற ரப்பர் குழாய்), அல்லது வளைகிற பாட். ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்க மெல்ல மெல்ல அடிவரை இறங்கினால் ஒயில் வெளியே கசிகிறது, அல்லது மாஸ்டர் பம்பின் ரப்பர் வொஷர் உள்ளுக்குள் ஒயிலை விடுகிறது. அந்தக் காரை வீதிக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

திருகோணமலைக் கார்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பாட் உட்காரும் இடத்தை. உப்புவெளி, நிலாவெளி, உட்துறைமுக வீதி என்று கடற்காற்றில் இரவு பகலாக நிற்கிற வாகனத்துக்கு கலிப்பரை (பிஸ்டன் இருக்கிற பகுதி) தாங்குகிற பிராக்கெட்டில் துரு ஏறாமல் இருக்காது. பாட்டின் இரு நுனியிலும் நீட்டி நிற்கிற காது ஏறி உட்காருகிற அந்தச் சின்ன ஸ்டீல் கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள். கிளிப் பளபளவென்று இருக்கும். அதன் அடியில் துரு அடுக்கடுக்காக, பிஸ்கட் மாதிரி உப்பிக் கிடக்கும். அந்த அரை மில்லிமீற்றர் உப்பல் கிளிப்பை உள்ளே தள்ள, புதுப் பாட் இறுகிவிடுகிறது. சிலர் சுத்தியலால் தட்டி ஏற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பாட் சரிவாக நின்றால் பிஸ்டன் தள்ளும்போது அதன் இரும்புத் தகடு வில் மாதிரி வளையும், விட்டால் நிமிரும். அந்த வளைவைத்தான் உங்கள் கால் பஞ்சு என்று உணர்கிறது. அரத்தால் துருவைச் சீவி, வெறும் இரும்பு மினுங்கும்வரை தேய்த்து, கிளிப்பைத் திரும்பப் போட்டால் இரண்டு விரலால் தள்ளவே பாட் வழுக்கிப் போக வேண்டும். பாட்டின் காதில் பெயின்ட் தடிப்பாக இருந்தால் அதையும் லேசாக அராவுங்கள்.

அடுத்து கலிப்பர் முன்னும் பின்னும் வழுக்குகிற உருண்டைக் கம்பிகள், அதாவது பின்கள். பல கார்களில் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒன்றல்ல, ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும். கழற்றும்போதே அடையாளம் வையுங்கள். கிறீஸ் சிலிக்கன் கிறீஸாக இருக்க வேண்டும்; பெயரிங்குக்குப் போடுகிற சாதாரண கிறீஸ் ரப்பரை ஊதச்செய்துவிடும். மெல்லிய பூச்சுப் போதும். துளைக்குள் கிறீஸை அடைத்துப் பின்னைச் செருகினால் உள்ளே காற்று சிறைப்பட்டு, கையால் தள்ளிய அந்தக் கம்பி தானாகத் திரும்பி வரும். அதுவும் பெடலில் பஞ்சாகத்தான் தெரியும்.

பாட் அமத்துகிற, சில்லோடு சுழல்கிற டிஸ்க்கின் வெளி விளிம்பை நகத்தால் தடவுங்கள். பழைய பாட் தேய்த்த இடம் பள்ளமாகி விளிம்பு மேடாக நிற்கும். புதுப் பாட் அந்த மேட்டில் ஏறினால் முழு முகமும் டிஸ்க்கில் படாது. ஆகக் குறைந்த தடிப்பு டிஸ்க்கிலேயே அடித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் கடையாமல் மாற்றுங்கள்.

முன்னால் வேலை செய்துவிட்டுப் பின்னால் பார்க்காமல் விடுவதும் வழமை. வாகன்ஆர், ஆல்டோ போன்றவற்றில் பின்னுக்கு டிரம்தான். டிரம்மின் உட்புறத்தில் உரசுகிற லைனரைத் தானாகச் சரிசெய்கிற நட்சத்திரச் சக்கரம் துருவேறி இறுகினால் லைனருக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். இதற்கு எளிய சோதனை: ஹாண்ட் பிரேக்கை இரண்டு மூன்று கிளிக் இழுத்துவிட்டு மிதியுங்கள். பெடல் சட்டென்று மேலே வந்து இறுகினால் கோளாறு பின்னால். சில்லைத் தூக்கி, லைனர் டிரம்மில் உரசும்வரை நட்சத்திரச் சக்கரத்தைச் சுற்றி, சில்லு தாராளமாகச் சுற்றுகிற அளவுக்குப் பின்வாங்குங்கள்.

ஹோஸை ஒருவர் மிதிக்க இன்னொருவர் விரலால் பிடித்துப் பார்க்கலாம். ஊதுவது கைக்குத் தெரிந்தால், அல்லது வளைவில் வெடிப்புத் தெரிந்தால், ஹோஸை மாற்றுங்கள். பாட் மாற்றும்போது கலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிட்டிருந்தால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கலிப்பரைக் கம்பியால் சில்லுக்கு மேலே உள்ள ஸ்பிரிங்கில் கட்டி வைப்பதுதான் முறை.

இவ்வளவும் சரியாக இருந்தும் பஞ்சுத்தனம் போகவில்லையா? இப்போது எயார் எடுங்கள். ஒயில் எது என்று டாங்க் மூடியில் எழுதியிருக்கும், அநேகமாக டொட் 3 அல்லது டொட் 4. இந்த ஒயில் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். டொட் 3 ஒயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியஸ், ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கலாம். மாரி காலத்தில் திறந்து மாதக்கணக்காக வைத்த போத்தலை எறிந்துவிட்டுப் புதுப் போத்தல் வாங்குங்கள். எயார் எடுக்க மட்டும் என்றால் அரை லீற்றர் போதும்.

இணையத்தில் பார்க்கிற அமெரிக்க வீடியோக்கள் வலது பின் சில்லில் தொடங்கச் சொல்லும். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். நம் கார்களில் மாஸ்டர் பம்ப் வலப்பக்கம் இருப்பதால், பொதுவாக ஆகத் தூரம் இடது பின் சில்லு. பிறகு வலது பின், இடது முன், வலது முன். உங்கள் காரின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். நிப்பிள் 8 அல்லது 10 மில்லிமீற்றர். ரிங் ஸ்பனரையே பாவியுங்கள், ஓப்பன் ஸ்பனர் துருப்பிடித்த நிப்பிளின் முனையை வழித்துவிடும். ஒரு தெளிந்த குழாயைச் செருகி, மறுமுனையை ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்துங்கள்.

"தம்பி, மிதி."
"பிடிச்சிருக்கிறன் அண்ணை."

அந்த இரண்டாவது வார்த்தை வந்த பிறகே நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்க வேண்டும். குமிழி ஓடும், பெடல் இறங்கும். இறுக்கிய பிறகே "விடு" என்று சொல்ல வேண்டும். முந்திவிட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். ஐந்தாறு மிதிக்கு ஒருதரம் டாங்கைப் பாருங்கள். பழைய காரென்றால் பெடலை அடிவரை போகவிடாமல் கீழே ஒரு மரத்துண்டு வையுங்கள். மாஸ்டர் பம்பின் வொஷர் வழமையாகப் போகாத துருப்பிடித்த பகுதிக்குப் போனால் கிழியும். சிந்திய ஒயில் பெயின்ட்டைத் தின்னும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அக்குவா, பிரியஸ் போன்ற டொயோட்டா ஹைபிரிட்டுகளில் இந்த வேலையை வீட்டில் தொடாதீர்கள். கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் தானாக ஓடி அழுத்தம் கொடுக்கும். கலிப்பர் கழன்றிருந்தால் பிஸ்டன் வெளியே தள்ளப்படும், கை நசுங்கும். எயார் எடுக்க ஸ்கேனர் வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் தடுக்கிற ஏபிஎஸ் உள்ள மற்றக் கார்களிலும் காற்று அந்த யூனிட்டுக்குள் போய்விட்டால் ஸ்கேனர் உள்ள கராஜ்தான் வழி.

பெடல் இறுகியதும் முதலில் வளவுக்குள்ளேயே முன்னும் பின்னும் உருட்டி நிறுத்திப் பாருங்கள். கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற பாதை சோதனைக்குரிய இடமல்ல: ஏற்ற இறக்கம், சனம், குறுக்கே வருகிற மான். காலை வேளையில் வெறிச்சோடிய நேர் வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10 வரை மெதுவாக இறக்குங்கள், அரை நிமிடம் ஓடவிட்டுத் திரும்பவும் செய்யுங்கள், ஒரு பத்துத் தரம். புதுப் பாட் பழைய டிஸ்க்கோடு முகம் பொருந்தும்வரை, இருநூறு கிலோமீற்றர் அளவுக்கு, லேசான மென்மை இருக்கும், அது குறைந்துகொண்டே வர வேண்டும். குறையாமல் நின்றால் திரும்பவும் சில்லைக் கழற்றி, அந்தக் கிளிப்பின் அடியைப் பாருங்கள்.